பெட்டி மேல போட்ட வேகம் எத்தன நிமிஷம் நிக்கும்? லேப்டாப் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

லேப்டாப் செஞ்சு விக்கிற கம்பெனிகளுக்கு வணக்கம்.

மெஷினோட மூளையான ப்ராசஸர் சிப்போட வேகம் 4 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும்னு கொட்டை எழுத்துல போடுறீங்க. அந்த வேகம் எவ்ளோ நேரம் நிக்கும், சிப்புக்குள்ள தனித்தனியா வேல பாக்குற பகுதிங்களான கோர் எல்லாம் சேந்து வேல பாக்கும்போது எவ்ளோ கிடைக்கும்னு பெரும்பாலும் போடறதில்ல. வாங்குறவங்களுக்கு தெரிய வேண்டியதே அதுதான்.

2017ல வந்த இன்டெல் கோர் ஐ7 8550யு சிப்ப எடுத்துக்கோங்க. அடிப்படை வேகம் 1.8 கிகாஹெர்ட்ஸ், கொஞ்ச நேரத்துக்கு மட்டும் ஏத்துற டர்போ வேகம் 4.0, பவர் 15 வாட். அதையே 10 வாட்டுக்கு கொறச்சோ 25 வாட்டுக்கு ஏத்தியோ வச்சுக்கலாம்னு இன்டெல் உங்களுக்கு விட்டுக்குடுத்துருக்கு, 10 வாட்ல அடிப்படை வேகம் வெறும் 0.8 தான். அதனால ஒரே பேர் போட்ட சிப்பு மெலிசான மெஷின்ல ஒரு மாதிரியும் பெரிய ஃபேன் வச்ச மெஷின்ல வேற மாதிரியும் ஓடும், காசு குடுக்குறவங்க ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு வாங்குவாங்க. எத்தன வாட் வச்சிருக்கீங்கன்னு வாங்குறவங்களுக்கு பெரும்பாலும் தெரியறதில்ல.

டர்போ வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல, ஒரு வெப் பக்கம் தொறக்குறதுக்கு, ஒரு ஃபைல் தொறக்குறதுக்கு அது ரொம்ப நல்ல விஷயம். ஆனா பல மெஷின்ல அந்த வேகம் அரை நிமிஷம் போலத்தான், அப்புறம் இத்தன வாட்டுக்கு மேல போகக் கூடாதுன்னு வச்ச பவர் லிமிட் இழுத்து புடிச்சிரும், சூடு ஏறுனா இன்னும் எறங்கும். வீடியோ ரெண்டர் பண்றவங்களுக்கும் பெரிய சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட் கம்பைல் பண்றவங்களுக்கும் அரை நிமிஷத்துக்கு அப்புறம் வர்ற நம்பர்தான் சோறு போடுது.

சரி, நாங்களே பாத்துக்கலாம்னா அதுவும் லேசா இல்ல. விண்டோஸ் செட்டிங்ஸ்ல சிப்பு பேர் பக்கத்துல 1.80னு இருக்கறத பாத்துட்டு மெஷின் பாதி வேகத்துல ஓடுதோன்னு பயப்படுறவங்க எத்தனையோ பேர், அது அடிப்படை வேகம் மட்டும்தான், இப்ப ஓடுற வேகம் இல்ல. கன்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் அமுக்கி டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போனா ஓடுற வேகம் தெரியும், அதையும் சும்மா இருக்கும்போது பாத்து பிரயோஜனம் இல்ல, கனமான வேல ஒண்ண ஓட விட்டு பத்து நிமிஷம் பாக்கணும். லினக்ஸ்ல ஒவ்வொரு கோர் வேகமும் ஃபைலாவே கிடைக்கும். மேக்ல டெர்மினல் தொறந்து அட்மின் பாஸ்வேர்டு போட்டு பவர்மெட்ரிக்ஸ்ங்கற கமாண்ட ஓட்டணும், சாதாரணமா யூஸ் பண்றவங்க எத்தன பேர் அதுவரைக்கும் போவாங்க?

எனக்கு ரொம்ப ஆத்திரம் வர்ற எடம் இதுதான். சார்ஜர் அடையாளம் தெரியலன்னாலோ ஒரு சென்சார் கெட்டுப் போச்சுன்னாலோ சில மெஷின்ல மதர்போர்டே சிப்புக்கு சிக்னல் குடுத்து ஒரு கிகாஹெர்ட்ஸுக்கும் கீழ அமுக்கி வச்சிரும். எதனால அமுக்குச்சுன்னு மெஷினுக்கு தெரியும், ஆனா பல நேரம் ஸ்க்ரீன்ல ஒரு வரி கூட வராது. பாவம், வைரஸ்னு நெனச்சு ஃபார்மட் பண்றாங்க, மெமரி மாத்துறாங்க, நல்லா இருக்குற மெஷின தூக்கிப் போடுறாங்க, கடைசில பாத்தா சார்ஜர் மாத்துனா சரியாகிற விஷயமா இருக்கு.

அதனால ரெண்டே ரெண்டு கேக்குறேன். ஸ்பெக் ஷீட்ல டர்போ நம்பர் பக்கத்துலயே, எல்லா கோருக்கும் முழு லோடு குடுத்து அரை மணி நேரம் ஆனதுக்கப்புறம் நிக்கிற வேகத்தயும் வாட்டயும் போடுங்க, சார்ஜர்ல எவ்ளோ பேட்டரில எவ்ளோன்னு தனித்தனியா, ரூம் சூடு எவ்ளோ இருக்கும்போது அளந்தீங்கன்னும் சேத்து. ரெண்டாவது, ஃபேனுக்கும் பேட்டரிக்கும்னு நீங்களே போட்டுத் தர்ற ஆப் இருக்குல்ல, அதுல இப்ப ஓடுற வேகத்தயும், கொறஞ்சிருந்தா சூடா, பவர் லிமிட்டா, சார்ஜரா, எதனாலன்னும் காட்டுங்க. இதுக்கு புதுசா எதுவும் கண்டுபுடிக்க வேண்டியதில்ல, நீங்க டெஸ்ட் பண்ணும்போது இந்த நம்பரெல்லாம் உங்க கையில இருக்கத்தான செய்யுது, அடுத்த மாடல்லயே போட ஆரம்பிங்க.

இப்படிக்கு,
உங்க மெஷின்ல தினமும் வேல பாக்குற ஒருத்தன்