லொம்பார்டிக்குத் தராததை அடுத்தவருக்காவது தாருங்கள்

அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். 1972இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் அமெரிக்கர் பாபி ஃபிஷரும் சோவியத் வீரர் ஸ்பாஸ்கியும் மோதிய உலகப் பட்டப் போட்டி என்றாலே ஃபிஷரின் கேமரா சண்டை, பணப் பிடிவாதம் என்று கதை நீளும். அவருடன் இருந்த பாதிரியாரை மட்டும் ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். நான் எழுதுவது அந்தப் பாதிரியார் வில்லியம் லொம்பார்டியைப் பற்றி.

லொம்பார்டி 1957இல் டொராண்டோவில் உலக ஜூனியர் பட்டம் வென்றார். 11 ஆட்டங்கள், 11 வெற்றிகள். பின்னாளில் கார்ப்போவ், காஸ்பரோவ், எங்கள் ஆனந்த் எல்லோரும் அதே பட்டத்தை வென்றவர்கள்தாம். ஒருவருக்கும் முழுப் புள்ளி வாய்க்கவில்லை. 1960இல் லெனின்கிராடில் நடந்த மாணவர் அணிகளுக்கான உலகப் போட்டியில் அணிகளின் முதன்மை வீரர்கள் மோதும் முதல் பலகையில் ஸ்பாஸ்கியை வீழ்த்தினார். சோவியத் மண்ணிலேயே அமெரிக்கா தங்கம் வென்றது. அடுத்து, தேசியப் போட்டியில் ஃபிஷருக்கு அடுத்த இடம் பிடித்து, உலகப் பட்டத்துக்கான இன்டர்சோனல் சுற்றுக்கும் தகுதி பெற்றார். ஆனால் அங்கே போகாமல் குருமடத்தில் சேர்ந்துவிட்டார்! அவருடைய இறையழைப்பில் தலையிட நான் யார்? ஆட்ட ரசிகனுக்கு மட்டும் ஆறாத வருத்தம்.

ரெய்க்யவிக்கில் ஸ்பாஸ்கிக்குத் துணையாக கெல்லர், க்ரோகியஸ், நெய் என மூவர் வந்திருந்தார்கள். ஃபிஷரின் அதிகாரபூர்வ உதவியாளர் லொம்பார்டி ஒருவரே. 1976 ஹைஃபா ஒலிம்பியாடில் நீங்கள் வென்ற தங்கத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. (சோவியத் அணி அங்கே வரவில்லை என்பது வேறு விஷயம்.)

இத்தனைக்கும் பிறகு, 2016இல் நியூயார்க்கில் பல்லாண்டு குடியிருந்த வீட்டிலிருந்து வாடகை பாக்கிக்காக வெளியேற்றப்பட்டார். 2017 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் காலமானபோது அவருக்கு வயது 79. தங்கியிருந்தது நண்பர் வீட்டில்.

வாடகை பாக்கி அவருடைய சொந்தப் பிரச்சினை, கூட்டமைப்பு என்ன தர்ம சத்திரமா என்று உங்களில் சிலர் கேட்கலாம். உங்கள் கொடியின் கீழ் அவர் ஆடிய ஏழு ஒலிம்பியாடுகள் அவருடைய சொந்தப் பிரச்சினை இல்லையே! இளம் வீரர்களுக்கு 1987 முதல் சாம்ஃபோர்ட் உதவித்தொகை கிடைக்கிறது, நல்ல காரியம். முதியவர்களை மட்டும் மனுவோடு நிற்க வைக்காதீர்கள். பேரும் புகழும் கண்டவர்கள் கை நீட்டக் கூசுவார்கள். நீட்டும் நேரத்தில் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

ஒலிம்பியாடில் நாட்டுக்காக ஆடியவர்களின் பட்டியல் உங்கள் கையிலேயே இருக்கிறது. அவர்களில் 65 வயதைக் கடந்தவர்களுக்கு, விண்ணப்பம் கேட்காமல், மாதந்தோறும் ஒரு தொகை அனுப்புங்கள். எவ்வளவு என்பதை உங்கள் அடுத்த பொதுக்கூட்டத்தில், கணக்கைத் திறந்து வைத்துப் பேசி முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சதுரங்க ரசிகன்