பெர்மிட் காணி

கிளிநொச்சி,
மாசி மாதம்.

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் சுகம். காலபோக அறுவடை போன கிழமை முடிந்தது. மெசின் காலையில் இறங்கி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே வயலை முடித்துவிட்டது. என் ஐயா, உன் அப்பப்பா, இருந்திருந்தால் வரம்பில் நின்று வாய் பார்த்திருப்பார்.

காணி விஷயமாக உன் தங்கச்சி போனில் அரைகுறையாகச் சொன்னதைக் கேட்டு நீ மனம் நொந்துபோனதாக அம்மா சொன்னா. அவள் சொன்னது உண்மைதான். எனக்குப் பிறகு காணிக்கு அவளுடைய பெயரைத்தான் கொடுக்கப்போகிறேன். ஏன் என்பதை போனில் சொல்ல எனக்கு வராது. நீயும் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் இருப்பாய். ஐயாவின் காலத்திலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

ஐயாவின் வீட்டில் ஐந்து ஆம்பிளைப் பிள்ளைகள். தென்மராட்சியில் இருந்த காணியைப் பிரித்தால் ஆளுக்கு ஆறு பரப்பும் தேறாது. யாழ்ப்பாணத்தில் சனம் கூடி, காணியும் வேலையும் இல்லாமல் போனதால்தான் 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றத்தைத் தொடங்கினார்கள். 1902இல் வெள்ளைக்காரன் தொடக்கிய இரணைமடுக் குள வேலை அதற்கு முன்னமே முடிந்திருந்தது. தண்ணீர் இருந்தது, வயல் இல்லை, முழுக்கக் காடு. 1938இல் ஐயா சாவகச்சேரியில் ரயிலேறி வந்து இறங்கும்போது கையில் ஒரு கோடரி, ஒரு காட்டுக்கத்தி, ஒரு மண்வெட்டி, அரைச் சாக்கு ஒடியல். "காய்ச்சல் காட்டுக்குப் போறவனுக்குப் பொம்பிளை குடுக்கேலாது" என்று இரண்டு இடத்தில் சம்பந்தம் குழம்பியதாம். மூன்றாவது இடம் ஆச்சி.

ஆச்சி வரும்போது பத்தொன்பது வயது. முதலில் கீழ்க்காட்டை வெட்டி, பிறகு பெருமரங்களைச் சாய்த்து, வெயிலில் காயவிட்டு, மாரிக்கு முன்னம் எரிக்கவேண்டும். முதிரையும் பாலையும் கோடரிக்கு இலேசில் மசிகிற மரமா! எரித்தாலும் வேர்க்கட்டை நிலத்துக்குள் இருக்கும். அதைச் சுற்றித் தோண்டி, திரும்ப நெருப்பு வைத்து, பிறகு இழுக்கவேண்டும்.

இதற்குள் மலேரியா. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர்ந்து நடுங்கி வருகிற முறைக்காய்ச்சல். ஐயாவுக்கு ஒரு நாள் என்றால் ஆச்சிக்கு மற்ற நாள். அதைக்கூட வசதியாக்கிக்கொண்டார்கள். ஐயா சாக்கைப் போர்த்துக்கொண்டு படுத்திருக்கிற நாளில் ஆச்சி கோடரி எடுப்பா. அடுத்த நாள் ஆச்சி படுக்க, ஐயா எழும்பி அதே மரத்தில் விட்ட இடத்திலிருந்து வெட்டுவார். ஒரு வீரை மரத்தை இப்படி ஆறு நாளில் சாய்த்த கதையை ஆச்சி சிரித்துக்கொண்டுதான் சொல்லுவா. கொயினா மருந்தின் கசப்பைச் சொல்லும்போது மட்டும் முகம் சுருங்கும். 1946க்குப் பிறகு டிடிடி கொசுமருந்து அடிக்கத் தொடங்கியதும் காய்ச்சல் குறைந்தது. நான் 1950இல் பிறந்தவன், அந்தக் கசப்பு எனக்குத் தெரியாது. இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தபோது பேப்பரை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

என் மூத்த அக்கா, உன் பெரிய மாமியைப் பற்றி உனக்கு அதிகம் தெரியாது. பத்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவ. அப்போது சூடு மிதிப்பு இரவில்தான். களத்தில் கதிரைப் பரப்பி, மாடுகளைப் பிணைத்து, விடியும்வரை சுற்றிச்சுற்றி நடத்தவேண்டும். மாட்டுக்குப் பின்னால் நடந்தது பெரிய மாமி. நித்திரையில் தள்ளாடிவிடக்கூடாது என்று வாய்க்குள் புளியை வைத்திருப்பாவாம். மாடு சாணி போடப் பார்த்தால் நெல்லில் விழாமல் வைக்கோலை ஏந்திப் பிடிக்கிறதும் அவதான். இடது சுண்டுவிரலில் அரிவாள் வெட்டின தழும்பு இன்னும் இருக்கிறது. அந்த நெல்லை விற்றுத்தான் என்னை யாழ்ப்பாணத்தில் விட்டுப் படிப்பித்தார்கள். நான் அந்தக் காணியில் ஒரு மரமும் வெட்டியவனில்லை.

இப்போது பெர்மிட்டுக்கு, அரசாங்கம் ஐயாவுக்குக் காணி கொடுத்த பத்திரத்துக்கு, வருகிறேன். வயல் ஐந்து ஏக்கர், மேட்டுக்காணி மூன்று ஏக்கர். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கொடுத்தது. நினைத்தபடி விற்க ஏலாது, துண்டு துண்டாகப் பிரிக்கவும் விடமாட்டார்கள். பெர்மிட்காரர் தனக்குப் பிறகு யார் என்று பின்னுரித்து எழுதிவைக்கவேண்டும். ஐயா எழுதவில்லை. 1974இல் திடீரென்று போய்விட்டார். ஆச்சி உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கலாம், ஆனால் தனக்குப் பிறகு யார் என்று சொல்ல அவவுக்கு உரிமையில்லை. காய்ச்சலோடு கோடரி பிடித்த மனுசி! ஆச்சியும் போனபிறகு சட்டத்தில் இருந்த வரிசைப்படி பார்த்தார்கள். மகன்மார் முதல், மகள்மார் பிறகு. மூன்று அக்காமாருக்கும் பிறகு கடைசியாகப் பிறந்த எனக்குக் காணி வந்தது. நானும் வாயைத் திறக்காமல் கையெழுத்து வைத்தேன். அக்காமார் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

2009இல் நாங்கள் இடம்பெயர்ந்து அலைந்தபோது நகைகூடக் கைவிட்டுப் போனது. பெர்மிட்டைச் சொப்பின் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தவள் தங்கச்சி. நீ அப்போது கனடாவில் இருந்து தொலைபேசிக்கு முன்னால் அழுதுகொண்டிருந்தாய். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. நீ அனுப்பிய காசில்தான் திரும்பி வந்து கூரை போட்டோம். பெரிய மாமியையும் கூட்டிவந்து காட்டினோம். பற்றைக்குள் கொஞ்சத் தூரம் நடந்து நின்று, "இதிலைதான் என்ரை களம் இருந்தது" என்றா. தங்கச்சி அந்த இடத்தைத்தான் முதலில் துப்புரவாக்கினாள்.

இன்றைக்கும் சிறுபோகப் பங்கு பிரிக்கிற கூட்டத்துக்குப் போய்ச் சண்டை பிடிப்பது அவள். இரவு இரண்டு மணிக்கு டோர்ச்சோடு வாய்க்காலுக்குத் தண்ணீர் மாற்றப் போவதும் அவள். 2022இல் சட்டத்தைத் திருத்தி அந்த ஆண் பெண் வரிசையை எடுத்துவிட்டார்கள். என்றாலும் நான் ஐயாவைப்போல எழுதாமல் போனால், நீங்கள் இரண்டு பேரும் கந்தோர் கந்தோராக அலைந்து கடைசியில் கதை பேச்சில்லாமல் இருப்பீர்கள்.

மேட்டுக்காணி வீட்டில் உன் அறை உன் அறைதான். அதைத் தங்கச்சியே சொன்னாள், நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

வருகிற வியாழக்கிழமை பிரதேச செயலகத்துக்குப் போகிறோம். மனதில் ஏதும் இருந்தால் அதற்கு முன்னம் எனக்கு எடுத்துச் சொல்லு, அவளோடு கதைத்துக் குழம்பாதே. பெரிய மாமியும் வரப்போகிறாவாம். படியேற ஏலாவிட்டால் வானுக்குள்ளேயே இருப்பாவாம், ஆனால் வரத்தான் வேணுமாம்.

அன்புடன்,
அப்பா