படைகள் மூட்டிய பகை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேற்கத்திய நாடுகள் மீது இஸ்லாமியத் தீவிரவாதிகள் கொண்டுள்ள பகை குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, அந்நாடுகளின் சுதந்திரமான வாழ்க்கைமுறையே அதற்குக் காரணம் என்ற முடிவோடு நின்றுவிட்டது. 2001 செப்டம்பரில் அதிபர் ஜார்ஜ் புஷ் அமெரிக்க நாடாளுமன்றத்தில் அளித்த விளக்கமும் ஏறக்குறைய இதுதான். ஆனால் அல்-காய்தாவின் தலைவர்கள் தங்கள் பகைக்கான காரணங்களை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே எழுதி வெளியிட்டிருந்தார்கள். அவற்றில் முதலிடத்தில் இருந்தது அரேபிய மண்ணில் தங்கியிருந்த அமெரிக்கப் படை.

1990 ஆகஸ்டில் ஈராக் அதிபர் சதாம் உசேனின் படைகள் குவைத்தைக் கைப்பற்றியபோது, அடுத்த தாக்குதல் தம் நாட்டின் மீதுதான் என்று அஞ்சிய சவூதி மன்னர் ஃபஹத் அமெரிக்கப் படையை அழைத்தார். சோவியத் படைக்கு எதிரான ஆப்கன் போரிலிருந்து திரும்பியிருந்த அல்-காய்தா தலைவர் ஒசாமா பின்லேடன், அப்போரில் பழகிய போராளிகளைக் கொண்டே நாட்டைக் காப்பதாக முன்வந்தும் அரச குடும்பம் அதை ஏற்கவில்லை. அந்நாட்டின் மூத்த மார்க்க அறிஞர்கள் படைகளை அழைக்கலாம் என்று ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) அளித்தனர். ஆயினும், மக்காவும் மதீனாவும் உள்ள நாட்டில் அந்நியப் படை தங்குவது சமயப்பற்றுள்ள பலருக்கு உறுத்தலாகவே இருந்தது. 1991இல் போர் முடிந்த பின்னும், ஈராக்கின் தென்பகுதி வான்வெளியைக் கண்காணிப்பதற்காகப் படையின் ஒரு பகுதி அங்கேயே நிறுத்தப்பட்டபோது, அந்த உறுத்தலைத் தன் இயக்கத்துக்கு எரிபொருளாக்கிக்கொண்டார் பின்லேடன். அவருடைய 1996ஆம் ஆண்டு போர் அறிவிப்பு இந்தப் படையை மையமாகக் கொண்டது. 1998 பிப்ரவரி அறிக்கையில் ஈராக் மீதான பொருளாதாரத் தடைகளும் இஸ்ரேலுக்கு அமெரிக்கா தரும் ஆதரவும் சேர்ந்துகொண்டன. அமெரிக்கப் படை சவூதிக்கு வரத் தொடங்கி எட்டு ஆண்டுகள் நிறைந்த 1998 ஆகஸ்ட் 7 அன்று, கென்யாவின் நைரோபியிலும் தான்சானியாவின் தார் எஸ் ஸலாமிலும் இருந்த அமெரிக்கத் தூதரகங்கள் தகர்க்கப்பட்டன. கொல்லப்பட்ட 224 பேரில் 12 பேரே அமெரிக்கர்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் இந்தப் பகையோடு எந்தத் தொடர்பும் இல்லாத கென்ய மக்கள்.

காரணத்தை அறிவது கொலைக்கு நியாயம் தேடுவதாகாது. தீவிரவாதிகள் சொல்லும் காரணமே முழு உண்மையும் ஆகிவிடாது என்பதற்கும் சான்று உண்டு. சவூதியிலிருந்து தன் போர்ப்படையை விலக்கிக்கொள்வதாக 2003 ஏப்ரல் இறுதியில் அமெரிக்கா அறிவித்தது. இரண்டு வாரங்களுக்குள், மே 12 அன்று, ரியாத்தின் குடியிருப்பு வளாகங்களில் அல்-காய்தா குண்டு வைத்தது. அந்நியப் படை வெளியேறுவது மட்டுமே அவர்கள் நோக்கமாக இருந்திருந்தால் அந்தத் தாக்குதலுக்குத் தேவையே இருந்திருக்காது. அரபு மன்னராட்சிகளை வீழ்த்தித் தங்கள் ஆட்சியை நிறுவுவதே அவர்கள் இலக்கு; அதற்கு ஆள் சேர்க்கத்தான் மக்களின் உண்மையான மனக்குறையைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

அந்த மனக்குறையைப் பன்மடங்காக்கியது 2003இல் அமெரிக்காவும் பிரிட்டனும் ஈராக் மீது நடத்திய படையெடுப்பு. பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொல்லித் தொடுத்த போரில் அத்தகைய ஆயுதம் எதுவும் கிடைக்கவில்லை. ஈராக் ராணுவம் கலைக்கப்பட்டதால் ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானோர் ஒரே ஆணையில் வேலை இழந்தார்கள். 2004இல் ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்கப் படையினர் கைதிகளைக் கொடுமைப்படுத்திய படங்கள் வெளிவந்தபோது, எந்தப் பிரச்சாரகராலும் உண்டாக்க முடியாத ஆத்திரத்தை அப்படங்கள் உண்டாக்கின. அந்த ஆத்திரத்தில் வளர்ந்த, அல்-காய்தாவின் ஈராக் கிளைத் தலைவரான சர்காவியின் கூட்டம் பெருமளவில் கொன்றதோ ஈராக்கின் ஷியா முஸ்லிம்களை; பின்னாளில் ஐ.எஸ். அமைப்பாக உருவெடுத்ததும் அதே கூட்டம்தான்.

ஈராக் மீது ராணுவ நடவடிக்கை எடுத்தால் அல்-காய்தாவின் அச்சுறுத்தல் கூடும் என்று பிரிட்டனின் கூட்டு உளவுக் குழு 2003 பிப்ரவரியிலேயே தன் அரசை எச்சரித்திருந்தது. அந்நாட்டின் உள்நாட்டு உளவுத்துறைத் தலைவராக இருந்த எலிசா மானிங்ஹாம்-புல்லர், 2010இல் ஈராக் போர் விசாரணைக் குழுவின் முன்பு, அப்போர் இளைஞர் பலரைத் தீவிரவாதத்தின் பக்கம் திருப்பியது என்று சாட்சியம் அளித்தார். போரை நடத்திய நாட்டின் அதிகாரிகளே பதிவு செய்துள்ள இவற்றையும் சேர்த்து, தங்கள் நாளிதழ் இப்பொருள் குறித்து விரிவானதொரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்