செயலாளர் அறிக்கை: காசு வாங்காத கழகத்தோடு ஒரு வருடம்

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, அங்கத்தவர்களே, வழமைபோல நேரத்துக்கு வந்து முன்வரிசையைப் பிடித்துவிட்ட அம்மாமாரே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற வருடப் பொதுக்கூட்டத்தில் இரண்டு விடயங்கள் முடிவில்லாமல் ஒத்திவைக்கப்பட்டன. ஒன்று, பிள்ளைகளை உதைபந்தாட்டம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போவது. மற்றது, சங்க வேலை செய்பவர்களுக்கு ஏதாவது கொடுப்பனவு கொடுப்பது. இந்த இரண்டும் வருட முடிவில் ஒன்றோடொன்று வந்து முட்டும் என்று அன்று எனக்குத் தெரியாது.

வழமையான வேலைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். நிர்வாகக் குழு ஒழுங்காகக் கூடியது. இரண்டு தடவை ஆள் காணாமல் கலைந்தது. பொங்கல் விழாவும் வாணி விழாவும் குறையின்றி நடந்தன. மண்டபத்துக்குக் கட்டிய முற்பணத்தில் ஒரு பகுதி திரும்பி வரவில்லை. அதைப் பொருளாளர் தன் அறிக்கையில் சொல்வார், நான் சொன்னால் குரல் உயரும்.

உதைபந்தாட்ட விடயத்துக்கு வருகிறேன். பெரிய கழகங்களின் ஆட்டத்துக்கு ஒரு குடும்பமே போவதென்றால் ரிக்கற் விலை நமக்குக் கட்டாது. அப்போதுதான் குழுவில் ஒருவர், “ரொல்வேர்த்திலேயே ஒரு மைதானம் இருக்கே” என்றார். தென்மேற்கு லண்டனில் நாங்கள் இருக்கும் இதே ரொல்வேர்த்தில், ஏ3 வீதியோரமாக இருக்கும் கிங் ஜோர்ஜஸ் ஃபீல்ட். அந்த வழியால் இத்தனை வருடம் வேலைக்குப் போய்வந்த எனக்கு அங்கே கொரிந்தியன் கசுவல்ஸ் என்று ஒரு கழகம் இருப்பதே தெரியாது. மண்ணிறமும் ரோசாவும் கலந்த அவர்களின் ஜேர்சியைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். இடைவேளையில் கம்பிவேலியில் சாய்ந்தபடி மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டோம். வாசலில் ரிக்கற் தந்த மனுசனே ஆட்டம் முடிந்ததும் மூலைக்கொடிகளைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு போனதைக் கண்டேன். அந்தக் காட்சி எனக்கு மனதில் தங்கிவிட்டது. எங்கள் பொங்கல் விழாவில் வரவேற்புரை சொன்னவர்தானே கடைசியில் கதிரை அடுக்கினார்.

இதற்குப் பிறகுதான் கழகத்தின் வரலாற்றை மூன்று மாலைப்பொழுதுகளில் பேசினோம். முதல் மாலையில் படம் காட்டும் கருவிக்குரிய வயரை வீட்டில் மறந்துவிட்டு வந்தது நான்தான். படமில்லாமல் வாயால்தான் சொன்னேன். வராதவர்களுக்காக முக்கியமானதை இங்கே பதிகிறேன்.

கொரிந்தியன் கசுவல்ஸின் மூதாதையான கொரிந்தியன் கழகம் 1882 இல் தொடங்கியது. தொடக்கியவர் என். எல். ஜக்சன், இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கத்தின் கௌரவ உதவிச் செயலாளர். ஆம், ஒரு செயலாளர்தான். இதைக் கொஞ்சம் பெருமையோடு குறிப்பிடுகிறேன். இங்கிலாந்து 1881 இல் ஸ்கொட்லாந்திடம் 6–1 என்றும் அடுத்த வருடம் 5–1 என்றும் அடிவாங்கியிருந்தது. ஸ்கொட்லாந்துக்காரர் ஒன்றாகவே விளையாடிப் பழகியவர்கள்; இங்கிலாந்து வீரர்களோ ஆட்டத்தன்றுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். நல்ல வீரர்களை ஒரே கழகத்தில் சேர்த்து அடிக்கடி விளையாட வைத்தால் என்ன என்பதுதான் ஜக்சனின் யோசனை. அது பலித்தது. 1894 இலும் 1895 இலும் வேல்ஸுக்கு எதிராக இறங்கிய இங்கிலாந்து அணியின் பதினொருவரும் கொரிந்தியன்காரர்.

சம்பளம் இல்லை, கிண்ணப் போட்டிகளில் சேர்வதும் இல்லை என்பது அவர்கள் சட்டம். ஆனால் கிண்ணம் வென்றவர்களைக் கூப்பிட்டு அடிப்பார்கள். 1884 இல் எஃப்.ஏ. கிண்ணத்தை, அதாவது இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கத்தின் கிண்ணத்தை, வென்று வந்த பிளக்பேர்ன் ரோவர்ஸுக்கு 8–1. 1904 இல் மன்செஸ்டர் யுனைட்டெட்டுக்கு 11–3. இந்த இடத்தில் மண்டபத்தில் இருந்த யுனைட்டெட் ரசிகர்கள் சிலர் தேத்தண்ணி குடிக்க எழும்பிப் போனார்கள்.

1891 இல் பெனால்டி உதை சட்டமானபோது கொரிந்தியன்காரருக்கு அது அவமானமாகப் பட்டது. கனவான் ஒருவன் வேண்டுமென்று எதிராளியை விழுத்துவானா என்பது அவர்களின் கேள்வி. தங்களுக்குப் பெனால்டி கிடைத்தால் வேண்டுமென்றே வெளியே அடிப்பார்கள், எதிரணிக்குக் கிடைத்தால் கோல் காப்பாளர் கம்பத்தில் சாய்ந்து நிற்பார் என்று கதை. எல்லா ஆட்டத்திலும் அப்படி நடந்ததா என்பது வேறு விடயம்.

இரண்டாம் மாலையில் ஒரு அண்ணா எழும்பி, “இவையெல்லாம் வசதியான வீட்டுப் பெடியள்தானே தம்பி?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பெரிய தனியார் பள்ளிகளிலும் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜிலும் படித்தவர்களே பெரும்பாலும் இந்தக் கழகத்தில் இருந்தார்கள். லங்காஷயர் ஆலைத் தொழிலாளி ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். அவன் காசு கேட்டதில் என்ன பிழை? சம்பளம் வேண்டாம் என்று சொல்ல முதலில் வீட்டில் சோறு இருக்க வேண்டும். 1907 இல் சம்பளம் வாங்காத கழகங்கள் கோபித்துக்கொண்டு இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கத்தை விட்டுப் பிரிந்தபோது கொரிந்தியனும் அவர்களோடு போனது. பெரிய தொழில்முறைக் கழகங்களோடு ஆடும் வாய்ப்பை 1914 வரை இழந்தது. இரண்டாகப் பிரிந்த சங்கங்களைப் பற்றி நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆட எதிரணி குறைந்ததால் வெளிநாட்டுப் பயணங்கள் இன்னும் முக்கியமாயின. 1910 இல் பிரேசில் போனார்கள். சாவோ பாவுலோவில் அவர்களின் ஆட்டத்தைப் பார்த்து மயங்கிய சில தொழிலாளர்கள் அதே வருடம் செப்டெம்பர் 1 ஆம் திகதி ஒரு கழகம் தொடங்கி, அதே பெயரையும் வைத்தார்கள். இன்று கோடிக்கணக்கான ரசிகர்கள் உள்ள கொரிந்தியன்ஸ் அதுதான். கனவான்களின் பெயர் கடல் கடந்து தொழிலாளர்களின் பெயராகிவிட்டது. அந்த அண்ணாவுக்கு நான் கொடுத்த பதில் இதுதான்; அவர் பாதிதான் ஒத்துக்கொண்டார்.

1914 இல் மீண்டும் பிரேசில் நோக்கிக் கப்பலேறியவர்கள் போர் தொடங்கியதும் திரும்பி வந்து படையில் சேர்ந்தார்கள். பலர் மீளவில்லை. அதன்பின் கழகம் பழைய நிலைக்கு வரவேயில்லை. 1922 இல் சட்டத்தைத் தளர்த்தி எஃப்.ஏ. கிண்ணப் போட்டியில் சேர்ந்தார்கள். 1936 இல் சம்பளம் வாங்காத கழகங்களுக்கான அமெச்சூர் கிண்ணத்தை வென்றிருந்த கசுவல்ஸ் கழகத்தோடு 1939 இல் இணைந்தார்கள். 1956 இல் அதே கிண்ணத்தின் இறுதியாட்டம் வெம்ப்ளியில் 1–1 என்று முடிய, மறு ஆட்டத்தில் பிஷப் ஓக்லண்டிடம் 4–1 என்று தோற்றார்கள்.

சொந்தமென்று சொல்ல ஒரு மைதானம் இல்லாமல் ஓவல், குயின்ஸ் கிளப், கிறிஸ்டல் பலஸ் என்று ஊர் ஊராய் அலைந்தவர்கள் 1988 இல்தான் ரொல்வேர்த்துக்கு வந்தார்கள். அலைந்து திரிந்து கடைசியில் ரொல்வேர்த்தில் வந்து தங்கியவர்கள் நாங்கள் மட்டுமல்ல. அதே வருடம் சாவோ பாவுலோவில் தங்கள் பெயர்க்குழந்தையான கொரிந்தியன்ஸோடு ஆடி 1–0 என்று தோற்றார்கள். கோல் அடித்தவர் பிரேசில் தேசிய அணியின் முன்னாள் தலைவர் சோக்ரடீஸ். பிறகு அவரே ஜேர்சியை மாற்றி இவர்களுக்காகவும் கொஞ்ச நேரம் ஆடினார். 2015 இல் மறுபடி போய் 3–0 என்று தோற்றார்கள்.

எனக்குப் பிடித்த பகுதி கடைசியில்தான். 2017 இல் மேல் பிரிவுக்கு ஏறும் இறுதியாட்டத்தில் டோர்க்கிங் வொண்டரர்ஸிடம் தோற்றார்கள், பெனால்டியில். 2018 இல் அதே கட்டத்தில் வோல்ற்றன் கசுவல்ஸிடம் தோற்றார்கள், அதுவும் பெனால்டியில்! பெரியவர்கள் கம்பத்தில் சாய்ந்து நின்றதற்குப் பேரப்பிள்ளைகள் வட்டியோடு கட்டினார்கள் என்று நான் சொல்ல, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனாலும் மேலே ஓர் இடம் காலியானதால் அந்த வருடமே இங்கிலாந்துக் கழகப் போட்டிகளின் ஏழாம் படிநிலைக்கு ஏறிவிட்டார்கள். ஒரு வீரருக்கும் சம்பளம் கொடுக்காமல் ஐந்து பருவங்கள் அங்கே நின்று, 2023 இல் இறங்கினார்கள்.

இனி ஒத்திவைத்த தீர்மானம். கொரிந்தியனைக் காட்டி “சும்மா செய்யுங்கள்” என்று சொல்ல நான் வரவில்லை. கதிரை அடுக்குபவர் இரவு வேலைக்குப் போகாமல் வருகிறார் என்றால் அவரது பெற்றோல் காசையாவது சங்கம் கொடுக்க வேண்டும்; செயலாளருக்கு எதுவும் வேண்டாம். இதைத் திருத்தமாக முன்வைக்கிறேன். ஆமோதிக்க ஒருவர் வேண்டும்.

அடுத்த பருவத்துக்கு ஆட்டம் பார்க்க வருபவர்கள் பெயரை வாசலில் உள்ள கொப்பியில் எழுதுங்கள். ரோல்ஸ் கொண்டுவருபவர்கள் எண்ணிக்கையையும் எழுதுங்கள். சென்றமுறை ஆறு குறைந்தது.

இவ்வறிக்கையைச் சபை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்