உரோமமற்ற குளிர்கால ஆடைக்காகத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். பிரித்தானியாவின் பல நகரங்களில் கிளைகள் வைத்திருக்கும் ஆடை விற்பனை நிறுவனம் ஒன்று, வரும் குளிர்காலத்திலிருந்து விலங்கு உரோமம் சேர்ந்த எந்த ஆடையையும் கொள்முதல் செய்வதில்லை என்றும், உரோமம் விற்பதில்லை என உறுதியளிக்கும் கடைகளுக்கான ‘ஃபர் ஃப்ரீ ரீட்டெய்லர்’ திட்டத்தில் இணைவதென்றும் எங்கள் குழுவுக்கு எழுத்துமூலம் தெரிவித்திருக்கிறது. முறையான அறிவிப்பைத் தாங்களே வெளியிட விரும்புவதாக அவர்கள் கேட்டுக்கொண்டதால் நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. எந்தக் கடை என்பது உங்களுக்குத் தெரியும். இம்முடிவுக்குக் காரணமானவர்களில் பலர், தாங்கள் செய்த உதவி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அறியாமலே இருக்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் இலண்டனிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் தமிழர்கள் என்பதால், ஆங்கிலத்தில் அனுப்பிய மடலோடு நில்லாமல் இதைத் தமிழிலும் எழுதுகிறோம்.

உரோமத்துக்காக விலங்கு வளர்ப்பதை இங்கிலாந்திலும் வேல்சிலும் 2000ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. ஸ்கொட்லாந்தும் வட அயர்லாந்தும் 2002இல் அதே வழியில் சென்றன. ஆனால் தன் மண்ணில் கூடாதென்று விலக்கிய பொருளைப் பின்லாந்திலிருந்தும் சீனாவிலிருந்தும் இறக்கி விற்பதற்கு இச்சட்டங்களில் தடை இல்லை. நாய், பூனை ஆகியவற்றின் உரோமத்துக்கு ஐரோப்பிய ஒன்றிய விதியொன்று 2008ஆம் ஆண்டின் இறுதி நாளிலிருந்து முழுத்தடை விதித்தது. நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்த சிறு விலங்கான மிங்க், நரி, பெயரில் நாய் இருந்தாலும் வேறு இனமான ரக்கூன் நாய், முயல் ஆகியவை அதற்குள் வரவில்லை. ஆகவே நாடாளுமன்றத்திடம் கேட்கும் அதே கேள்வியைக் கடைகளிடமும் கேட்க வேண்டியதாயிற்று.

அந்தக் கடையில் விற்கப்பட்டது சீமாட்டிகள் அணியும் முழு உரோமக் கோட்டு அன்று. கோட்டோடு சேர்ந்த தலைமூடியின் விளிம்பில் தைத்த பட்டை, கம்பளித் தொப்பியின் உச்சியில் ஒரு குஞ்சம், கையுறையின் ஓரத்தில் ஒரு கரை, அவ்வளவுதான். விலை குறைவாயிருப்பதால் இது செயற்கையாகத்தான் இருக்கும் என்று வாங்குபவர் எண்ணிக்கொள்கிறார். பண்ணையிலிருந்து வரும் உரோமத் துண்டு சில வேளைகளில் தரமான செயற்கை உரோமத்தைவிட மலிவாகவே கிடைக்கிறது என்பதை எங்களிற் பலரும் முதலில் நம்பவில்லை.

நம்பவைத்தவர் இலண்டனின் ஹரோவில் தையற்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். அவருக்கே எங்கள் முதல் நன்றி. நாங்கள் கொண்டுபோன கோட்டின் தலைமூடித் தையலைப் பிரித்து, பட்டையின் அடிப்புறத்தை அவர் விரித்துக் காட்டினார். செயற்கை உரோமத்தின் அடியில் பின்னல் துணி இருக்கும். இதிலே தோல் இருந்தது. விலங்கின் மயிர் நுனியில் மெலிந்து கூர்மையாக முடியும் என்பதையும், செயற்கை இழையின் நுனி வெட்டுண்டு மழுங்கியிருக்கும் என்பதையும், இழையொன்றைப் பிடுங்கி நெருப்பிற் காட்டினால் முன்னது தலைமயிர் கருகும் நாற்றம் தரும், பின்னது உருகிக் கட்டிபடும் என்பதையும் அன்றுதான் கற்றோம். பிரித்ததை அடையாளம் தெரியாமல் மீண்டும் தைத்துக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்ததோடு, வந்தவர்களில் ஒருவரின் சட்டையில் தொங்கிக்கொண்டிருந்த பொத்தானையும் பார்த்துச் சகியாமல் இறுக்கித் தைத்துவிட்டார். நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து அதே முடிவை எழுத்தில் தந்த துணித் தொழில்நுட்பவியலாளருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அந்த அறிக்கை இல்லாதிருந்தால் தலைமை அலுவலகம் எங்களோடு பேசியிருக்காது.

தோல் என்று தெரிந்தது. எந்த விலங்கின் தோல் என்பது தெரியவில்லை. துணியாலான ஆடையில் விலங்குப் பகுதி இருந்தால் ‘விலங்கு மூலத்திலிருந்து பெறப்பட்ட, துணியல்லாத பகுதிகளைக் கொண்டது’ என்று குறிச்சீட்டில் எழுத வேண்டும் என்பதே இங்குள்ள விதி. அது உரோமமா, தோற்பட்டையா, எலும்புப் பொத்தானா என்று சொல்ல வேண்டியதில்லை. விலங்கின் பெயரும் வேண்டியதில்லை. இதைவிடக் கவனமாக எதையும் சொல்லாமல் விடும் ஒரு வாசகத்தை நான் படித்ததில்லை. சுவிற்சர்லாந்தில் நிலைமை வேறு. அங்கே 2013 முதல் நடைமுறையிலுள்ள உரோம அறிவிப்பு விதியின்படி, விலங்கின் இனம், வந்த நாடு, வேட்டையாடிப் பெற்றதா பண்ணையில் வளர்த்ததா, பண்ணையெனில் எவ்வகைக் கூண்டு என்பதெல்லாம் எழுதப்பட வேண்டும். எங்கள் உறுப்பினர் ஒருவரின் உறவினரான அக்கா, இதே தயாரிப்பாளரின் இதே கோட்டைச் சூரிச்சில் ஒரு கடையில் தேடிக் கண்டுபிடித்துக் குறிச்சீட்டைப் படமெடுத்து அனுப்பினார். ரக்கூன் நாய், சீனா, கம்பிவலைத் தளமுடைய கூண்டு என்று அதில் தெளிவாக இருந்தது. இலண்டன் வாடிக்கையாளரிடம் சொல்ல இயலாததைச் சூரிச் வாடிக்கையாளரிடம் அதே தயாரிப்பாளர் எப்படிச் சொல்கிறார் என்று நாங்கள் கேட்ட கேள்விக்கு நிறுவனத்திடமிருந்து விடையே வரவில்லை. சில வாரங்களின் பின் சந்திப்புக்கான அழைப்பு வந்தது. இந்தப் போராட்டத்தின் திருப்பம் அந்தப் படம்தான் என்பது என் கருத்து. அக்கா அதை மறுக்கிறார். வேலைக்குப் போகும் வழியில் செய்தது என்கிறார்.

எங்கள் கடிதங்களை அனுப்புமுன் வரிவரியாகப் படித்துத் திருத்திய சட்டத்தரணிக்கும் நன்றி. கோபத்தில் எழுதியவற்றை நீக்கியவர் அவர். நீக்கியதன் இடத்தில், ‘செயற்கை’ என்று விளம்பரம் செய்த இரு விற்பனையாளர்களின் பொருள்களில் உண்மை உரோமம் இருந்ததென 2019 ஜனவரியில் பிரித்தானிய விளம்பரத் தர அதிகாரசபை அளித்த தீர்ப்புகளை அமைதியாக எடுத்துவைத்தார். வசையை விட அது அதிகம் வேலை செய்தது.

வாரவிடுமுறைகளில் கடைவாசலில் நின்ற இளையோருக்கும் தாய்மாருக்கும் எங்கள் வணக்கம். வாங்க வருபவரை ஏசுவதில்லை, வழியை மறிப்பதில்லை, உரோமம் அணிந்து வருபவரைச் சுட்டுவதில்லை என்ற மூன்று கட்டுப்பாட்டையும் மழையிலும் நீங்கள் விடவில்லை. பொலிஸார் வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பியது அதனால்தான். மிங்க் ஒன்றுக்கு ஐரோப்பியப் பரிந்துரைகள் அளிக்கும் கூண்டுத்தளம் 2,550 சதுர சென்ரிமீற்றர். ஏ4 தாள்கள் நான்கை ஒட்டிவைத்தால் ஏறக்குறைய அவ்வளவு. கிழக்கு இலண்டனின் ஈஸ்ற்ஹாமிலிருந்து வந்த மாணவி ஒருவர் அந்த நான்கு தாள்களை நடைபாதையில் ஒட்டி, பக்கத்தில் எதையும் எழுதாமல் விட்டார். கடந்துபோனவர்கள் தாங்களாகவே நின்று கேட்டார்கள். எங்கள் துண்டுப்பிரசுரத்தைவிட அதற்கே கேள்விகள் அதிகம்.

கடை ஊழியர்களை எந்த அடையாளமும் இன்றியே குறிப்பிட வேண்டியிருக்கிறது. அவர்களுடன் எங்களுக்குப் பிணக்கு இல்லை என்பதை முதல் நாளே சொல்லியிருந்தோம். வாடிக்கையாளர் கேட்ட கேள்விகளை அவர்கள் நேர்மையாக மேலிடத்துக்கு அறிவித்தார்கள் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறோம்.

பெரிய பெயர்கள் முன்னரே நடந்துகாட்டியிராவிட்டால் சிறிய குழுவொன்றின் குரல் எடுபட்டிருக்காது. பிரித்தானியப் பெருங்கடையான செல்ஃப்ரிட்ஜஸ் 2005இல் உரோமத்தை விலக்கியது. இத்தாலிய ஆடை நிறுவனங்களான குச்சி (Gucci) 2017இலும், பிராடா 2019இலும், அதே ஆண்டில் அமெரிக்காவின் மேசிஸ் கடைகளும் அறிவித்தன. 2020 நவம்பரில் கொரோனாத் தொற்றினால் டென்மார்க் தன் பண்ணைகளிலிருந்த மிங்க் அனைத்தையும் கொல்ல உத்தரவிட்டபோது, ஒன்றரைக் கோடியை எட்டிய அந்தத் தொகை, அதுவரை இத்தொழிலைப் பற்றி எண்ணியே பாராதவர்களையும் எண்ண வைத்தது. இவை எவற்றுக்கும் முன்பே, 1980களில் சுவரொட்டி ஏந்தி நின்ற ஆங்கிலேய மூதாட்டியர் இருவர் இன்றும் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். அக்காலத்தில் தங்கள் மேல் உமிழ்ந்தவர்களும் உண்டு என்று அவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

நிறுவனத்துக்கும் நன்றி சொல்வதா என்று நம்மிற் சிலர் வருத்தத்தோடு கேட்டிருக்கிறீர்கள். மனம் மாறியல்ல, கணக்குப் பார்த்தே நிறுத்தினார்கள் என்றுதான் நானும் நினைக்கிறேன். இருந்தாலும் சொல்ல வேண்டும். எங்கள் கோப்பை முழுதும் படித்து, தம் மேலதிகாரிகளிடம் வாதாடிய கொள்முதல் அலுவலர் ஒருவர் அங்கே இருந்தார். நாளை வேறொரு கடையில் அவ்வாறு வாதாட எண்ணுபவர் நம் நடத்தையைக் கவனிப்பார். தோற்செருப்பையும் கம்பளியையும் ஏன் கேட்கவில்லை என்று மரக்கறி உணவையே கொள்ளும் நண்பர்கள் கேட்டது நியாயமான கேள்வி. நாம் இணையச் சொன்ன திட்டம் அவற்றை உள்ளடக்கவில்லை, முயலுரோமத்தை உள்ளடக்குகிறது. அந்த வேறுபாட்டோடு உடன்படாமலே கடைசிவரை உடன்வந்த அவர்களின் பொறுமைக்குத் தனி நன்றி.

இனி ஒரு வேண்டுகோள். முன்பே வாங்கிய இருப்பு இந்தப் பருவம் முடியும்வரை விற்கப்படும். அதற்கு நாம் உடன்பட்டிருக்கிறோம். ஆகையால் அந்தக் கடைவாசலில் இனி எவரும் நிற்க வேண்டாம். அடுத்த பருவத்தில் எங்கேனும் ஐயமான கரையோ குஞ்சமோ கண்டால், குறிச்சீட்டோடு சேர்த்துப் படமெடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். சப்பாத்துகளும் கைப்பைகளும் குறிச்சீட்டு விதிக்கு வெளியே இருப்பதால் அவற்றின் ஓரங்களைச் சற்றுக் கூடுதலாகப் பாருங்கள். குளிருக்குக் கோட்டு வாங்க வேண்டியவர்கள் அப்போது அந்தக் கடையிலேயே வாங்கலாம்.

நன்றியுடன்,
குழுவின் சார்பில், செயலாளர்
இலண்டன்