வாங்காதவர்களின் நோட்டு

அன்புள்ள தம்பிக்கு,

"படிச்ச படிப்புக்கும் பாக்குற வேலைக்கும் சம்பந்தமே இல்லக்கா, படி படியா ஏறி இறங்குறேன்" என்று நேற்று ராத்திரி சொன்னாய். போனில் எனக்குச் சரியாகப் பதில் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். சொந்தத் தொழில் ஆசைக்கு இந்த சேல்ஸ் வேலை குறுக்கே நிற்கிறது என்று நீ நினைக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ரே கிராக் மில்க்‌ஷேக் கலக்கும் மிஷின் விற்றுக்கொண்டிருந்தவர். ஒரு மிஷினில் ஒரே நேரத்தில் 5 கோப்பை கலக்கலாம். சாதாரணக் கடைக்கு ஒன்றே தாராளம். கலிஃபோர்னியாவில் ஒரு கடையில் மட்டும் 8 மிஷின். ஒரே நேரத்தில் 40 கோப்பை யாருக்கு? இன்னொருவராக இருந்தால் கமிஷனை எண்ணிக்கொண்டு அடுத்த பார்ட்டியைப் பார்க்கப் போயிருப்பார். இவர் 1954-இல் நேரில் போய் நின்று பார்த்தார். அது மெக்டொனால்டு சகோதரர்களின் கடை. அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகுதான் அந்தக் கடையை ஊர் ஊராகக் கிளை விட வைத்து பெரிய கம்பெனி ஆக்கினார். ஹோவர்ட் ஷுல்ட்ஸும் இதே ரகம்தான். வீட்டு உபயோகப் பொருள் கம்பெனி ஒன்றில் இருந்தபோது, சியாட்டிலில் ஒரு சின்னக் கம்பெனி காபி வடிகட்டும் சாதனத்தை ஏன் இத்தனை வாங்குகிறது என்று 1981-இல் பார்க்கப் போனார். அந்தச் சின்னக் கம்பெனி ஸ்டார்பக்ஸ். பிற்பாடு அதை உலகம் முழுக்கக் காபிக் கடைகளாக வளர்த்தவர் இவர்தான்.

இரண்டு பேருக்கும் வழிகாட்டியது ஆர்டர் கணக்கில் மற்றதோடு ஒட்டாமல் நின்ற ஓர் எண். மேலே போகப் போக அது மொத்தக் கூட்டலில் கரைந்துவிடும். கீழே அலைகிறவன் கண்ணில்தான் படும்.

என் கதை இவ்வளவு பெரியதில்லை. நான் பில் போடும் மிஷின் விற்ற காலத்தில் ஒரு பெரியவர் மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியைத் திறந்தார், மூடினார். "நல்லாத்தாம்மா இருக்கு. பேப்பர் ரோல் தீர்ந்தா யாரு மாத்துவா?" என்றார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அதே மாதத்தில் இன்னும் மூன்று பேர் அதையே வேறு வேறு வார்த்தையில் கேட்டார்கள். விலை அதிகம் என்று சொன்னவர்களில்கூடப் பாதிப் பேருக்கு உள்ளே இருந்த பயம் அதுதான். ஆபீசில் சொன்னேன். "நீ டார்கெட்டைப் பாரு" என்றார்கள். அன்றைக்கு ஒரு நோட்டுப் போட்டேன்: வாங்காதவர்கள் என்ன சொன்னார்கள், நாள் வாரியாக. இரண்டு வருடம் கழித்து நான் தொடங்கிய சர்வீஸ் தொழிலுக்குத் திட்ட அறிக்கை எதுவும் எழுதவில்லை. அந்த நோட்டு இருந்தது.

"வேண்டாம்" என்பது உன்னை இன்னும் சுடுகிறது என்று தெரிகிறது. சுடட்டும். சாரா பிளேக்லி 7 வருடம் ஃபேக்ஸ் மிஷினைப் படி ஏறி விற்றவர். பிற்பாடு தான் உருவாக்கிய உள்ளாடையைப் பெரிய கடை ஒன்றின் கொள்முதல் அதிகாரியிடம் காட்டப் போனார். பேச்சு எடுபடவில்லை என்றதும் அந்த அம்மாவைக் கழிப்பறைக்கே கூட்டிப்போய், தானே போட்டுக் காட்டி ஆர்டர் வாங்கினார். அந்தத் துணிச்சல் வகுப்பில் உட்கார்ந்து வருவதில்லை.

ஆனால் ஒன்று. சேல்ஸில் நன்றாக விற்பவனெல்லாம் முதலாளி ஆகிவிடுவான் என்று நான் சொல்லமாட்டேன். இப்போது நீ கொடுக்கிற தள்ளுபடி உன் பையிலிருந்து போவதில்லை. மாசக் கடைசியில் டார்கெட்டுக்காகச் சரக்கைத் தள்ளிவிட்டு, அடுத்த மாதம் அது திரும்பி வந்தாலும் சம்பளம் வந்துவிடும். சொந்தத் தொழிலில் ஆர்டர் வந்தால் பாதி வேலைதான் முடிந்தது. நான் முதல் வருடம் அடிபட்டது இதில்தான்: கணக்குப் புத்தகத்தில் லாபம், கையில் சம்பளம் போடக் காசில்லை. எல்லாம் கடனில் வெளியே நின்றது. அதனால் எல்லோரும் தட்டிக்கழிக்கிற அந்தக் கலெக்‌ஷன் வேலையை நீயே கேட்டு வாங்கு. யார் சொன்ன தேதியில் தருகிறார், யார் போனையே எடுப்பதில்லை, இழுத்தடிக்கிறவரிடம் முகம் சுளிக்காமல் எப்படித் திரும்பப் போய் நிற்பது என்பதையெல்லாம் அடுத்தவர் பணத்தில் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அது.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். எத்தனை விற்றாய் என்று கேட்கமாட்டேன். இந்த வாரம் வாங்காத மூன்று பேர் சொன்னதை, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வை.

அன்புடன்,
அக்கா