சிறிய நாடுகளின் தூதர்களையும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். அமெரிக்கா, சீனா, ரஷ்யா என்று மூன்று பெயரை வைத்தே உலக அரசியலைப் பேசி முடித்துவிடுகிறோம். பெரியவர்களின் பலம் இடம் மாறும்போது முதலில் அடி விழுவது சின்ன நாடுகளுக்குத்தான், அவர்களின் தூதர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

மத்தியதரைக் கடலின் குட்டித் தீவு நாடான மால்டாவின் தூதர் அர்விட் பார்டோவை எத்தனை பேருக்குத் தெரியும்? நாடு விடுதலை பெற்று 3 வருடம்தான் ஆகியிருந்தது. 1967 நவம்பரில் ஐ.நா.வில் எழுந்து, ஆழ்கடலின் தரை எந்த வல்லரசுக்கும் சொந்தமாகக் கூடாது, மனிதகுலம் முழுவதற்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று அவர் பேசியதில் தொடங்கிய வேலைதான் 1982-இல் கடல் சட்ட ஒப்பந்தமாக வந்தது. கடைசிக் கட்டப் பேச்சுவார்த்தைக்குத் தலைமை வகித்தவர் சிங்கப்பூரின் டாமி கோ. அமெரிக்கா இன்னும் அதில் சேரவில்லை.

அதே சிங்கப்பூர், 1983-இல் நட்பு நாடான அமெரிக்கா கரீபியன் தீவு நாடான கிரெனடாவுக்குள் படையோடு நுழைந்ததைக் கண்டித்து ஐ.நா.வில் வாக்களித்தது, 2022-இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபோது ரஷ்யாவின் மீது தடையே விதித்தது. சரி, நியாயம் எப்போதும் ஜெயிக்கிறதா என்றால் இல்லை. ஆனால் விதிகளும் போய்விட்டால் சின்ன நாட்டின் கையில் வேறென்ன மிஞ்சும்?

பசிபிக் கடலின் சின்னத் தீவு நாடான வனுவாட்டு முன்னெடுத்த பருவநிலை மாற்ற விவகாரத்தில் சர்வதேச நீதிமன்றம் 2025 ஜூலையில் கருத்துரை வழங்கியது. அதைப் பற்றி உங்கள் நாளிதழில் ஒரு முழுப் பக்கக் கட்டுரை வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.